கோலப்புள்ளியும் கணினிச் செம்பனையும்



ஜெராய் மலையடிவாரத்தில், மெர்போக் வட்டாரத்தில் வாழும் நமக்கு மரத்தைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. பால்மரத்தின் பட்டை எந்த இடத்தில் தடிப்பு, செம்பனைக் குலை எப்போது பழுக்கும், எந்த மட்டையை வெட்டலாம், எதை வெட்டக்கூடாது என்பதெல்லாம் நம் கைக்கும் கண்ணுக்கும் பழகிய செய்திகள். இன்றைக்கு நாம் பேசப்போவது மண்ணில் நிற்காத ஒரு மரத்தைப் பற்றி. அதற்கு விதை இல்லை, வேர் இல்லை, உரம் இல்லை. கணினிக்குள் வளர்கிறது. அதன் உடம்பை மனிதர் எப்படி வகுத்துக் கொடுக்கிறார்கள், அது எதற்குப் பயன்படுகிறது, அதை எவ்வளவு நம்பலாம் என்று பார்ப்போம்.

கணினியில் செம்பனை ஒன்றைப் படைக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓவியர் செய்வதுபோல ஒவ்வொன்றாக வரையலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு மரத்தில் 40 மட்டைகள். ஒரு மட்டையில் 250 ஓலைகள் என்று குறைத்தே வைத்தாலும் ஒரு மரத்துக்குப் பத்தாயிரம் ஓலைகள். தென்னையைப் போலச் செம்பனையின் ஓலைகள் ஒரே தளத்தில் சீராக விரிவதும் இல்லை. ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று கலைந்து நிற்கும். ஒன்பது மீட்டர் முக்கோண இடைவெளியில் நட்டால் ஒரு ஹெக்டருக்கு ஏறக்குறைய 142 மரங்கள். பதினான்கு லட்சம் ஓலைகளை யார் வரைவது? அடுத்த மாதமே இரண்டு புது மட்டை விரிந்துவிடும்; வரைந்த படம் பழசாகிவிடும்.

ஆகவே அறிஞர்கள் வேறு வழியில் போனார்கள். மரத்தை வரையாமல், மரம் வளரும் விதியை எழுதினார்கள். விதியைக் கணினியிடம் கொடுத்துவிட்டால், மரத்தை அதுவே வளர்த்துக்கொள்ளும்.

இது ஏதோ மேல்நாட்டு மாயம் என்று எண்ண வேண்டாம். நம் வீட்டுத் தாய்மார்கள் வாசலில் செய்வதும் இதேதான். சிறு கோலத்தைப் போடத் தெரிந்தவர், அதே கோலத்தைப் பொங்கலுக்குப் பெரிதாகவும் போடுகிறார். பெரிய கோலத்தின் படம் அவர் மனத்தில் இழை இழையாகப் பதிந்திருப்பதில்லை. 'புள்ளியைச் சுற்று, இடப்பக்கம் திரும்பு, அடுத்த புள்ளிக்குப் போ' என்ற விதி பதிந்திருக்கிறது. புள்ளிகள் கூடக்கூட அந்த விதி கோலத்தைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது.

இந்த உண்மையை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டவர்கள் தமிழ்நாட்டுப் பேராசிரியர்கள். சென்னைக்கு அடுத்த தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்துவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, அவருடைய துணைவியார் ராணி சிரோமணி, ராணி அம்மையாரிடம் ஆராய்ச்சி செய்த கமலா கிருத்திவாசன் ஆகிய மூவரும் 1974ஆம் ஆண்டில் கோலத்தின் இலக்கணம் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். கணினிப் படங்களைப் பற்றிய உலக ஆய்விதழ் ஒன்றில் அது அச்சானது. மொழிக்கு இலக்கணம் இருப்பதுபோலக் கோலத்துக்கும் இலக்கணம் உண்டு, சில விதிகளைக் கொண்டு ஒரு கோலக் குடும்பத்தையே பிறப்பிக்கலாம் என்று கணித முறையில் காட்டினார்கள். வாசலில் விழுந்த அரிசிமாவு, கணினி அறிவியலுக்குள் நுழைந்த கதை இது.

அதே காலத்தில் இன்னொருவர் உயிர்களின் உடம்பைப் பற்றி இதே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தார். அவர் பெயர் அரிஸ்டிட் லிண்டன்மேயர். ஹங்கேரியில் பிறந்து, ஹாலந்து நாட்டின் உட்ரெக்ட் நகரில் பணிபுரிந்த உயிரியல் அறிஞர். 1968இல் அவர் வெளியிட்ட கருத்து மிக எளியது: ஒவ்வோர் அணுவறைக்கும் ஒரு சின்ன விதி, எல்லா அறைகளும் ஒரே நேரத்தில் அந்த விதிப்படி மாறவேண்டும். அவ்வளவுதான்.

இதைப் பிள்ளைகள் வீட்டுத் தரையிலேயே செய்து பார்க்கலாம். கொஞ்சம் ரப்பர் கொட்டையும் கொஞ்சம் புளியங்கொட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். ரப்பர் கொட்டை முதிர்ந்த அறை. புளியங்கொட்டை இளைய அறை. விதிகள் இரண்டு. முதல் விதி: ஒவ்வொரு ரப்பர் கொட்டையும் அடுத்த நாள் ஒரு ரப்பர் கொட்டையும் அதன் வலப்பக்கம் ஒரு புளியங்கொட்டையுமாகப் பிரியும். இரண்டாம் விதி: ஒவ்வொரு புளியங்கொட்டையும் அடுத்த நாள் முதிர்ந்து ரப்பர் கொட்டையாகும்.

முதல் நாள் ஒரு ரப்பர் கொட்டையை வையுங்கள். இரண்டாம் நாள் அது ரப்பர், புளி என்று இரண்டாகும். மூன்றாம் நாள் ரப்பர், புளி, ரப்பர் என்று மூன்று. நான்காம் நாள் ரப்பர், புளி, ரப்பர், ரப்பர், புளி என்று ஐந்து. தொடர்ந்து செய்தால் எட்டு, பதின்மூன்று, இருபத்தொன்று என்று வரிசை நீளும். ஒவ்வொரு நாளின் எண்ணிக்கையும் அதற்கு முந்திய இரண்டு நாள்களின் கூட்டுத்தொகையாக இருப்பதைக் கவனியுங்கள். வரிசையை உற்றுப் பார்த்தால் இன்னொன்றும் தெரியும்: இன்றைய வரிசை, நேற்றைய வரிசையும் முந்தாநாள் வரிசையும் ஒட்டவைத்ததாகவே இருக்கும். யாரும் அப்படி ஒட்டவைக்கச் சொல்லவில்லை. இரண்டு விதிகள் சேர்ந்து அந்த ஒழுங்கை உண்டாக்கிவிட்டன. இந்த எண்களைப் பன்னிரண்டாம் நூற்றாண்டிலேயே குஜராத்தைச் சேர்ந்த சமண அறிஞர் ஹேமசந்திரர் செய்யுள் மாத்திரைக் கணக்கில் எடுத்துச் சொல்லியிருக்கிறார். இந்த எண்களை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு செம்பனை மரத்திலேயே இவற்றைச் சந்திப்போம்.

கொட்டைகள் ஒரே வரிசையாகத்தானே நிற்கின்றன, மரத்துக்குக் கிளை வேண்டுமே என்று கேட்பீர்கள். நல்ல கேள்வி. தோட்டத்தில் குலை வெட்டப் போகிறவர் என்ன செய்கிறார்? பெரிய பாதையில் நடக்கிறார். ஒரு நிரைக்குள் திரும்புகிறார். அங்கே வேலை முடிந்ததும், திரும்பிய அதே இடத்துக்கு வந்து, பாதையில் மேலே நடக்கிறார். கணினிக்கும் இதையே சொல்லிக்கொடுத்தார்கள். 'இந்த இடத்தை நினைவில் வை' என்பதற்கு ஓர் அடையாளம். 'நினைவில் வைத்த இடத்துக்குத் திரும்பு' என்பதற்கு இன்னோர் அடையாளம். இரண்டுக்கும் நடுவில் எழுதப்படுவது கிளை. கிளைக்குள்ளும் இதே அடையாளங்கள் வரலாம். அப்போது கிளையில் சிறுகிளை முளைக்கும். 'முன்னே போ', 'இத்தனை பாகை திரும்பு', 'நினைவில் வை', 'திரும்பி வா' என்ற நான்கைந்து கட்டளைகளிலேயே ஒரு செடியின் உடம்பு உருவாகிவிடுகிறது.

இந்தக் கலையை வளர்த்தவர் கனடாவில் பணிபுரிந்த போலந்து நாட்டு அறிஞர் பிரிசெமிஸ்லாவ் புருசின்கீவிச். அவரும் லிண்டன்மேயரும் சேர்ந்து எழுதிய நூல் 1990இல் வெளிவந்தது. கணினிச் செடிகளைப் பற்றிப் படிப்பவர்கள் இன்றும் தேடி எடுக்கும் நூல் அது. அதற்கு ஓராண்டு முன்பு, 1989இல், புருசின்கீவிச்சும் நம் கமலா கிருத்திவாசனும் இன்னொருவரும் சேர்ந்து, செடிகளை வளர்க்கும் அதே விதிமுறையைக் கொண்டு கோலத்தைக் கணினியில் வரையவும் கர்நாடக இசையை உருவாக்கவும் முடியும் என்று எழுதினார்கள். 1988இல் காலமான கிஃப்ட் சிரோமணியின் நினைவு மலரில் அந்தக் கட்டுரை இடம்பெற்றது. கோலமும் செடியும் ஒரே இலக்கணத்தில் சேர்ந்த இடம் அது.

இனி நம் இரண்டு மரங்களுக்கு வருவோம். ஒவ்வொரு மரமும் தன் உடம்பைக் கட்டுவதற்கு ஒரு திட்டம் வைத்திருக்கிறது. பிரான்ஸ் நாட்டு ஃபிரான்சிஸ் ஆலே, ஹாலந்து நாட்டு ஓல்டமன் என்ற இருவர் 1970இல் வெப்பநாட்டு மரங்களின் இத்தகைய திட்டங்களை வகைப்படுத்தினார்கள். அந்த வகைகளில் ஒன்றுக்குக் 'கார்னர்' என்று பெயர். சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பணிபுரிந்தவர் இந்தக் கார்னர். உயரமான காட்டு மரங்களிலிருந்து இலையும் பூவும் பறித்து வரக் குரங்குகளைப் பழக்கியவர். நம் செம்பனை கார்னர் வகை. கிளையே கிடையாது. உச்சியில் ஒரே ஒரு குருத்து. அது செத்தால் மரம் செத்தது. பூவும் குலையும் மட்டைகளின் கக்கத்தில் பக்கவாட்டில் வரும்.

ரப்பர் மரம் வேறு வகை. நாற்றுமேடையில் வேலை செய்தவர்களுக்குத் தெரியும்: ரப்பர் கன்று நாள்தோறும் ஒரே சீராக வளர்வதில்லை. சில வாரம் மொட்டு உறங்கும். பிறகு திடீரென்று ஒரு முழத் தண்டு நீண்டு, அதன் தலையில் ஓர் அடுக்கு இலை விரியும். மறுபடி உறக்கம். பிறகு அடுத்த அடுக்கு. கிளைகளும் தாய்த்தண்டைப் போலவே உறங்கி உறங்கி வளரும். கணினியில் ரப்பர் மரம் படைப்பவர் 'உறங்கு, நீள், இலை விடு' என்று இந்த மூன்றையும் சுற்றிச் சுற்றி வரும்படி எழுத வேண்டும்.

செம்பனைக்கு எழுத வேண்டிய முதல் விதி திருப்பத்தைப் பற்றியது. ஒரு மட்டை ஒரு திசையில் விரிந்தால், அடுத்த மட்டை எந்தத் திசையில் விரியும்? அளந்து பார்த்ததில் ஏறக்குறைய 137 அரைப் பாகை தள்ளி விரிகிறது. முழுவட்டம் 360 பாகை என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். மூன்றில் ஒரு பங்கான 120 பாகையாக இருந்தால் நான்காம் மட்டை முதல் மட்டைக்கு நேர்கீழே சிக்கி, வெயில் கிடைக்காமல் போகும். 137 அரைப் பாகையில் எந்த மட்டையும் இன்னொன்றுக்கு நேர்கீழே வருவதில்லை.

இப்போது எட்டு மட்டைகள் கடந்து பாருங்கள். 137 அரையை எட்டால் பெருக்கினால் 1,100. மூன்று முழுச்சுற்றுக்கு 1,080 போக மீதி 20 பாகை. அதாவது ஒன்பதாம் மட்டை, முதல் மட்டையைவிட 20 பாகை மட்டும் தள்ளி நிற்கும். பதினேழாம் மட்டை இன்னும் 20 பாகை தள்ளும். முதல், ஒன்பது, பதினேழு என்று ஒரு சாய்ந்த வரி இறங்குகிறது. மரத்தின் உரத்தேவையை அறியப் பதினேழாம் மட்டையிலிருந்து ஓலை எடுத்துச் சோதிக்கிறார்களே, அந்த மட்டையைக் கண்டுபிடிக்க எட்டெட்டாக எண்ணுவது இந்த வரியை வைத்துத்தான். பதின்மூன்று மட்டை கடந்தால் ஐந்து முழுச்சுற்றுக்குப் பன்னிரண்டரைப் பாகை குறையும். ஆகவே அந்த வரி எதிர்ப்பக்கம் சாயும். ஒரு பக்கம் எட்டு வரி, மறுபக்கம் பதின்மூன்று வரி. மட்டை வெட்டிய அடித்தழும்புகளில் இரண்டையும் எண்ணலாம்.

எட்டும் பதின்மூன்றும் நம் கொட்டை வரிசையில் வந்த எண்கள் அல்லவா? செம்பனையும் கொட்டை வரிசையும் ஒரே விதியில் நடப்பவை அல்ல. ஆனால் இந்தத் திருப்பம் அந்த எண்களோடு நெருங்கியது. வட்டத்தை 21 பங்காக்கி 8 பங்கு எடுத்தால் 137 பாகையும் கொஞ்சமும் வரும். 34 பங்காக்கி 13 பங்கு எடுத்தால் 137 அரைக்குச் சற்றே மேல் வரும். பிள்ளைகள் வகுத்துச் சரிபார்த்துக்கொள்ளட்டும்.

சரி, இந்த நிழல் மரத்தால் யாருக்கு என்ன பயன்? செம்பனையில் ஒரு புது வகையை உண்டாக்கி, நட்டு, காய்க்கவைத்து, நல்லதா கெட்டதா என்று அறியப் பத்தாண்டுக்கு மேல் ஆகிவிடுகிறது. தவறான வகை என்று தெரியும்போது நிலமும் காலமும் போயிருக்கும். ஆகவே பிரான்ஸ் நாட்டு வேளாண் ஆராய்ச்சி நிறுவனமான சிராட், இந்தோனேசிய ஆய்வாளர்களோடு சேர்ந்து, சுமத்திராவில் நின்ற செம்பனைகளை மட்டை மட்டையாக அளந்தது. அந்த அளவுகளைக் கொண்டு 'வி-பாம்' என்ற கணினிச் செம்பனையை வளர்த்து, 2016இல் ஆய்வு முடிவுகளை வெளியிட்டார்கள். 2018இல் ஒரு படி மேலே போனார்கள். மட்டையின் நீளம், வளைவு, ஓலைகளின் அமைப்பு ஆகியவற்றைக் கணினியில் மாற்றி மாற்றி, எந்த உடம்பு வெயிலை அதிகம் பிடிக்கிறது என்று பார்த்தார்கள். மண்ணில் ஒரு தலைமுறை வளர்கிற காலத்தில், கணினியில் ஆயிரக்கணக்கான உடம்புகளைச் சோதித்துவிடலாம்.

இங்கேதான் நாம் நிதானமாக யோசிக்க வேண்டும். கணினி, சொன்னதைச் செய்யும். சொல்லாததைச் செய்யாது. நாம் சொல்ல நினைத்ததைச் செய்யவே செய்யாது.

இதற்கு நல்ல சான்று ஒன்று உண்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கார்ல் சிம்ஸ் 1994இல் கணினிக்குள் பிராணிகளைப் படைத்தார். பெட்டி பெட்டியாக உறுப்புகள், மூட்டுகள், மூட்டை அசைக்க ஒரு சிறு மூளை. உடம்பின் வடிவத்தை அவர் வரையவில்லை. நூற்றுக்கணக்கான உடம்புகளை எழும்பவிட்டு, நன்றாக நீந்துவதை, நன்றாக நடப்பதைத் தெரிந்தெடுத்து, அவற்றின் குட்டிகளில் சிறு மாற்றம் செய்து, மறுபடி தெரிந்தெடுத்தார். நல்ல விதைமரத்தைப் பார்த்து விதை எடுக்கிறோமே, அதே முறை. தலைமுறைகள் கடந்ததும் பாம்புபோல் நீந்துவதும் தவளைபோல் தத்துவதுமான பிராணிகள் வந்தன.

ஆனால் வேகமாக நகர்வதற்கு மதிப்பெண் என்று மட்டும் சொன்னபோது, நெடிதாக வளர்ந்து தொப்பென்று விழுவதையே சில உடம்புகள் வழியாக்கிக்கொள்ளும். விழுவதிலும் வேகம் இருக்கிறதல்லவா? அதைத் தடுக்க, விழுந்து அடங்கிய பிறகே கணக்கைத் தொடங்கும்படி சிம்ஸ் விதியைத் திருத்த வேண்டியிருந்தது. இயற்கை விதிகளைக் கணினிக்குச் சொல்லும்போது எங்கேனும் ஓட்டை இருந்தால், அந்தப் பிராணிகள் அதையும் பயன்படுத்திக்கொண்டன. அவற்றுக்கு வஞ்சகம் தெரியாது. கேட்டதைக் கொடுத்தன, கேட்ட விதத்தில் குறை இருந்தது.

கணினிச் செம்பனைக்கும் இது பொருந்தும். வெயிலைப் பிடிக்கும் உடம்பு வேண்டும் என்று கேட்டால் அதைக் காட்டும். அந்த உடம்பில் குலை வெட்டுகிறவருக்கு அரிவாள் எட்டுமா, சரிவான நிலத்தில் நிற்குமா, அடித்தண்டு அழுகல் நோய் வந்தால் என்னாகும், பெருமழையில் வேர் தாங்குமா என்பவற்றை யாராவது சொல்லிக்கொடுத்தால்தான் அதற்குத் தெரியும். சொல்வதற்கு அவை தெரிந்தவர் வேண்டும். அவை தெரிந்தவர்கள் வெயிலிலும் மழையிலும் அந்த மரத்தடியில் நிற்கிறவர்கள். மட்டையை எண்ணிக் குறிக்கிறவர் ஒரு மட்டையைத் தவறவிட்டால், கணினி மரமும் அந்தப் பிழையோடேதான் வளரும். இனிவரும் நாளில் நடவு இடைவெளியோ புதுக்கன்று வகையோ கணினிக் கணக்கைக் காட்டிச் சொல்லப்படும்போது, இந்தக் கணக்கில் எதையெல்லாம் சேர்த்தீர்கள் என்று கேட்கும் உரிமையும் அறிவும் நம் பிள்ளைகளுக்கு இருக்க வேண்டும். கேட்கத் தெரிய வேண்டுமானால், விதி எப்படி எழுதப்படுகிறது என்று அவர்கள் கற்றிருக்க வேண்டும்.

கற்பதற்குப் பெரும் பணம் தேவையில்லை. பைத்தான் என்னும் இலவசக் கணினிமொழியோடு 'ஆமை' என்ற வரைகருவி சேர்ந்தே வருகிறது. முன்னே போ, திரும்பு என்று சொன்னால் ஆமை நடந்து கோடு இழுக்கும். தமிழிலேயே கட்டளை எழுதும் 'எழில்' என்ற கணினிமொழியும் உண்டு. பள்ளியில் கணினி இருந்தால் ஆசிரியரிடம் கேட்டுப் பழகலாம். கணினி இல்லாத வீட்டில் கொட்டைகளும் கோலமாவும் போதும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேலை சொல்லி முடிக்கிறேன். மெர்போக் ஆற்றோரத்துச் சதுப்பில் கண்டல் மரங்கள் நிற்கின்றன. அவற்றின் தண்டிலிருந்து வளைந்து இறங்கிச் சேற்றில் ஊன்றும் வேர்களைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை பெரியவர்களோடு அந்தப் பக்கம் போகும்போது ஒரு மரத்தை நின்று கவனியுங்கள். வேர் தண்டின் எந்த உயரத்தில் புறப்படுகிறது? எவ்வளவு வளைகிறது? ஒரு வேரிலிருந்து இன்னொரு வேர் பிரிகிறதா? பார்த்ததை நான்கு விதிகளாக ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு மரத்தைப் பாராமல், அந்த நான்கு விதிகளை மட்டும் வைத்து உங்கள் அண்ணனையோ தங்கையையோ வரையச் சொல்லுங்கள். வரைந்த படம் மரத்தைப்போல் இல்லையென்றால், எந்த விதி விடுபட்டது என்று மறுபடியும் மரத்தைப் போய்ப் பாருங்கள்.